ஊர்க் கணக்கில் காணாமல் போகும் சேரி

வங்கியில் என் பக்கத்து மேசை கடன் பிரிவு. போன வருஷம் ஒரு மதியம், கறவை மாட்டுக் கடன் கேட்டு ஒரு அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். மனு, ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் சரியாக இருந்தது. அதிகாரி பேப்பரைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்து ஊர்ப் பெயரைத் தட்டினார்.

'உங்க வூடு எங்கம்மா?'

'காலனி சார்.'

'காலனின்னா எந்தப் பக்கம்?'

'ரோட்டுலேர்ந்து உள்ளாற போவணும் சார். ஓடையைத் தாண்டி.'

அவர் சுட்டியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ஓடைக்கு அந்தாண்டை கூரைகள் தெரிந்தன. தெருவுக்குக் கோடு இல்லை. பெயர் இல்லை. 'ரோடே காட்டலியேம்மா. நாளைக்கு மாட்ட எங்க வந்து பாக்கறது? பாப்போம், அடுத்த வாரம் வாங்க' என்றார். அடுத்த வாரமும் அந்த அம்மா வந்தார். அதற்கடுத்த வாரம் வரவில்லை.

அந்த அதிகாரி சாதி பேசினார் என்று யாரும் புகார் எழுத முடியாது. அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட சொல் வரவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவும் அவரைத் தொடாது. 'ரோடு காட்டவில்லை' என்று சொன்னது அவரல்ல, மேப். மேப்புக்கு ஏது சாதி?

இந்தக் கேள்வியோடுதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

நான் கவிதை எழுதுகிறவன். வயிற்றுக்குக் குமாஸ்தா வேலை. காணை ஒன்றியத்தில் ஒரு சேரியில் பிறந்தவன். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து செல்போனில் எங்கள் ஊரைத் தேடினேன். விழுப்புரத்திலிருந்து காணை வரை நெடுஞ்சாலை மஞ்சளாக ஓடுகிறது. கிளைச் சாலை பிரிகிறது. ஊர் வருகிறது. பிள்ளையார் கோயில், பள்ளிக்கூடம், மளிகைக்கடை, செல்போன் ரீசார்ஜ் கடை எல்லாவற்றுக்கும் குறி இருக்கிறது, பெயர் இருக்கிறது. ஊர்த் தெரு முடிகிற இடத்தில் கோடும் முடிகிறது. அதற்கப்புறம் எங்கள் கூரைகள். படத்தில் இருக்கிறோம், எழுத்தில் இல்லை. எங்க ஆயாவிடம் காட்டினேன். கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: 'இது என்னாடா புதுசு? அவன் எப்பவும் இப்பிடித்தான. ஊருல எல்லாத்துக்கும் பேரு வெப்பான். நம்ம பக்கத்துக்கு மட்டும் அந்தப் பக்கம்னு வெப்பான்.'

கூகுள் கம்பெனிக்காரன் காணைக்கு வந்து சாதி பார்த்துக் கோடு போட்டான் என்று நான் சொல்லவில்லை. அவன் வரவேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் விஷயம். இந்த மேப்புகள் எப்படி உண்டாகின்றன? வானத்திலிருந்து எடுத்த படம், அரசாங்கமும் தனியாரும் கொடுக்கும் சாலை விவரம், கடைக்காரர்கள் தாங்களே பதியும் பெயர், போகிற வருகிறவர்கள் சேர்க்கும் திருத்தம். அதாவது கடை இருந்தால் பெயர் வரும். வெளியாட்கள் வந்துபோனால் குறி வரும். எங்கே கடை இல்லையோ, எங்கே வெளியாள் கால் வைப்பதில்லையோ, அங்கே வெற்றிடம். 2022 ஜூலையில் தெருக்காட்சிப் படத்தைச் சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களில் தொடங்கினார்கள். வண்டியில் கேமரா வைத்து எடுக்கும் படம். வண்டி நுழையும் தெருவைத்தான் வண்டி படம் பிடிக்கும். ஆயிரம் வருஷமாக யார் யார் தெருவுக்குள் யார் யார் போவதில்லையோ, அந்தப் பழக்கத்தைத்தான் இயந்திரம் பொறுக்கிச் சேர்த்துத் திரும்ப நமக்கே காட்டுகிறது. தீண்டாமைக்குத் தனியாக மென்பொருள் எழுத வேண்டியதில்லை, தோழர்களே.

மேப்பையும் கடனையும் சேர்த்துப் பார்ப்பதும் புதிதல்ல. 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று நகரங்களை வரைபடமாகப் போட்டு, பகுதி பகுதியாகத் தரம் பிரித்து வண்ணம் அடித்தது. கடன் கொடுக்க ஆபத்தான பகுதி என்றால் சிவப்பு. கருப்பர்கள் குடியிருந்த பகுதிகள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பு. அந்த வண்ணத்தின் பலனைப் பேரப்பிள்ளைகள் காலம்வரை அனுபவித்தார்கள். இங்கே நமக்குச் சிவப்பு மைகூட அவன் செலவழிக்கவில்லை. வெள்ளையாக விட்டுவிட்டாலே போதும். பின்னாளில் அதே சிவப்பு வரைபடங்களை ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தார் இணையத்தில் யாரும் பார்க்கும்படி போட்டார்கள். இன்று அந்த வரைபடமே அந்த அநீதிக்குச் சாட்சி. எழுதப்பட்ட அநீதியை என்றைக்காவது எடுத்துக் காட்டலாம். எழுதப்படாததை எதைக் கொண்டு காட்டுவது?

வெள்ளைக்காரன் எழுதினான். அவனுக்கு நம்மேல் பாசம் என்பதால் அல்ல, நிலவரிக் கணக்கு வேண்டும் என்பதால். பழைய நிலப் பதிவேடுகளில் கிராம நத்தம் தனி, சேரி நத்தம் தனி என்று இருக்கும். எந்தப் புல எண்ணில் யார் குடியிருப்பு என்று அரசுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த திரமென்கீர் 1891-இல் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததே அடிமைத்தனத்துக்கு அடிப்படை என்பதை அந்த அறிக்கை எடுத்துவைத்தது. 1892-இல் அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்டவர்களுக்கு நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்கப்பட்டது. முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவர் அல்லாதவருக்கு விற்கக்கூடாது. இதுதான் பஞ்சமி நிலம். ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதை நான் எழுதத் தேவையில்லை. அதைத் திரும்பக் கேட்ட குற்றத்துக்குத்தான் 1994 அக்டோபரில், காரணை நில மீட்புப் போராட்டத்தில், ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள்.

அவர்கள் காலத்தில் ஒரு புல எண்ணின் பதிவைப் பார்க்க வேண்டுமென்றால் வி.ஏ.ஓ. வீட்டுத் திண்ணைக்குக் கீழே கைகட்டி நிற்க வேண்டும். 'ரிஜிஸ்டர் தாலுக்காவுக்குப் போயிருக்குது, நாளைக்கி வா' என்பான். இன்று வருவாய்த்துறையின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் நாலையும் கொடுத்தால் அ-பதிவேடு வருகிறது. புலப்படம் வருகிறது. பட்டா யார் பெயரில், நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று தெரிகிறது. பதிவுத்துறையின் தளத்தில் வில்லங்கம் பார்த்தால் அந்த நிலம் கைமாறிய கதை வருகிறது. வானத்துப் படத்தில் வருஷத்தைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தால் ஏரிப் புறம்போக்கில் எப்போது கம்பிவேலி வந்தது, மேய்ச்சல் நிலம் எப்போது மனைப்பிரிவானது என்று கண்ணுக்கு முன்னால் ஓடுகிறது. அந்தத் திண்ணைக்காரனின் அதிகாரத்தில் ஒரு பங்கு நம் சட்டைப் பைக்குள் வந்திருக்கிறது. நாம் அதில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதை மட்டும் நம்பிவிடவும் கூடாது. எண்பதுகளில் நடந்த யு.டி.ஆர். நில உடைமைப் பதிவின்போது, பஞ்சமி என்ற பழைய குறிப்பு பல ஊர்களில் புதிய பதிவேட்டுக்கு வந்துசேரவில்லை என்று நில மீட்பில் உழைத்தவர்கள் சொல்கிறார்கள். கணினியில் ஏறியிருப்பது அந்தப் புதிய பதிவேடுதான். ஆகவே திரையில் இல்லை என்றால் நிலம் இல்லை என்று அர்த்தமாகாது. 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் பழைய பதிவேட்டின் நகலை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். எந்த இடத்தில் எழுத்து காணாமல் போயிருக்கிறதோ அந்த இடத்தில்தான் திருடன் நின்றிருக்கிறான்.

நிலத்தை விட்டுவிட்டு இனி மனிதர்கள் கணக்குக்கு வருவோம். இங்கேதான் பெரிய மோசடி இருக்கிறது. அதை மோசடி என்று நம்மில் பலர் இன்னும் உணரவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நாம் 20 விழுக்காடு. அன்றைய ஒன்றுபட்ட விழுப்புரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 29 விழுக்காடு. ஊர் ஊராக எத்தனை தலித்துகள் என்ற எண்ணும் இணையத்தில் கிடைக்கிறது. கூடவே கிராம வசதிகள் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் உண்டா? உண்டு. தார்ச்சாலை உண்டா? உண்டு. பள்ளிக்கூடம்? உண்டு. கணக்கெடுப்பில் 'கிராமம்' என்பது வருவாய்க் கிராமம். ஊரும் சேரியும் சேர்ந்தால்தான் அந்தக் கிராமம். ஊர்ப்பக்கம் குழாய் இருந்து, சேரிப்பக்கம் காய்ந்து கிடந்தாலும் பட்டியலில் 'உண்டு'தான். யாரும் பொய் எழுதவில்லை. ஆனால் எழுதியது பொய். தண்ணீர் எடுக்கப் போனவளை விரட்டிய ஊரும், விரட்டப்பட்ட தெருவும் ஒரே 'உண்டு'க்குள் சமத்துவமாக உட்கார்ந்திருக்கின்றன. சமத்துவபுரத்தை அரசு வேறெங்கும் தேட வேண்டாம். புள்ளிவிவரப் புத்தகத்திலேயே கட்டி முடித்துவிட்டார்கள்.

அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியல் சட்டத்தை முன்வைத்துப் பேசியபோது, அது கிராமத்தைத் தள்ளிவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் தனக்கு மகிழ்ச்சி என்றார். காந்தியவாதிகளுக்கு அது கசந்தது. சட்டத்தில் தோற்ற கிராமம் பின்கதவு வழியாகக் கணக்குப் புத்தகத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அரசின் தரவில் பேசுவது நீங்களும் நானும் அல்ல, கிராமம். கிராமம் என்றால் யாருடைய குரல் என்று நமக்குத் தெரியாதா?

நகரத்தில் மட்டும் என்ன? 'டவுன்ல யாருப்பா சாதி பாக்குறான்' என்று விழுப்புரம் டீக்கடையிலும் சொல்வார்கள், சென்னை ஐ.டி. கம்பெனியிலும் சொல்வார்கள். நகரத்தில் கிராமத்தின் இடத்தை வார்டு எடுத்துக்கொள்கிறது. ஒரு வார்டில் இத்தனை தலித்துகள், இத்தனை பேர் மற்றவர்கள் என்று பார்த்தால் எல்லோரும் கலந்து வாழ்வதுபோலத் தோன்றும். பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழக ஆய்வாளர்கள் சிலர் வார்டுக்கும் கீழே இறங்கி, கணக்கெடுப்பாளர் ஒருவர் சுற்றும் சிறு தொகுதி அளவில் 2011 தரவைப் பார்த்தார்கள். வார்டு அளவில் மறைந்திருந்த பிரிவினை தொகுதி அளவில் துலங்கியது. நகரத்துக்குள் கிராமம் அப்படியே இருக்கிறது என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். சாம் ஆஷர், அஞ்சலி அடுகியா, பால் நோவோசாட் முதலியோர் அடங்கிய இன்னொரு குழு இந்தியா முழுக்க 15 லட்சம் குடியிருப்புப் பகுதிகளை எடுத்துப் பார்த்தது. தலித்துகளும் முஸ்லிம்களும் அதிகம் வாழும் பகுதிகளில் பள்ளி, மருத்துவமனை, தண்ணீர், சாக்கடை போன்ற பொது வசதிகள் குறைவு என்று கண்டது. நகரத்தின் மொத்தக் கணக்கைப் பார்க்கிறவனுக்கு இது தெரியவே தெரியாது. எங்க ஆயாவுக்கு இதைச் சொன்னால் 'இதுக்கா படிச்சாங்க?' என்று கேட்பார். கேட்கட்டும். ஆயா சொன்னால் கோர்ட்டு ஏற்காது, தரவு சொன்னால் ஏற்கும். அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது நாமல்ல. ஆனால் அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விட்டால் நட்டம் நமக்கு.

ஏற்ற கோர்ட்டு ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் சேன்ஸ்வில் நகரத்தை ஒட்டி 'கோல் ரன்' என்று ஒரு குடியிருப்பு. பெரும்பாலும் கருப்பர்கள். சுற்றிலும் வெள்ளையர் வீடுகளுக்குக் குடிநீர்க் குழாய் போனது. இவர்களுக்கு மட்டும் ஏறத்தாழ 50 ஆண்டுகள் போகவில்லை. மழைத்தண்ணீரைப் பிடித்தார்கள், வண்டியில் தண்ணீர் சுமந்து வந்தார்கள். கேட்டபோதெல்லாம் செலவு, தூரம், நிலம் மேடு என்று காரணம் சொன்னார்கள். கடைசியில் வழக்குப் போட்டார்கள். எந்த வீட்டில் கருப்பர், எந்த வீட்டில் வெள்ளையர், குழாய் எது வரை வந்து எங்கே நிற்கிறது என்று ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டினார்கள். 2008 ஜூலையில் நடுவர் குழு ஏறத்தாழ ஒரு கோடியே ஒன்பது லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 50 ஆண்டுக் காரணங்களை ஒரு வரைபடம் வாயடைத்தது. அதில் இருந்தவை வீடுகளும் குழாயும்தான். நம் தெருவில் இல்லாத எதுவும் அதில் இல்லை.

இப்போது நம் அரசாங்கத்துக்கு வருவோம். 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் தெரு, குடியிருப்பு, நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணையும் வந்தது. நான் இதை எதிர்க்கவில்லை. வேலைக்கு மனுப் போடும் பிள்ளை விலாசம் எழுதும் இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு யோசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். நானே நிறுத்தியிருக்கிறேன். அந்தச் சொல் ஒழியட்டும்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். சொல் மட்டும் ஒழிந்து, ஓடைக்கு அந்தாண்டை நாங்கள் அப்படியே இருந்தால்? இதுவரை அரசின் ஏட்டில் 'காலனி' என்று ஒரு அடையாளமாவது இருந்தது. எந்தக் காலனிக்குச் சாலை போடவில்லை, எந்தக் காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை இல்லை என்று அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மனுப் போட்டோம், கேள்வி கேட்டோம். நாளைக்கு அது ரோஜாத் தெரு, மல்லிகைத் தெரு என்று ஆகிவிட்டால் எந்தத் தெரு என்று கேட்போம்? பெயரை அழிக்கிற அதே நாளில் கணக்கும் அழிந்தால், அது விடுதலையா, தடயத்தை அழிப்பதா? பெயரை மாற்று. அந்தக் குடியிருப்பின் குறியீட்டு எண்ணை மாற்றாமல் வை. எந்தக் குடியிருப்புக்கு எவ்வளவு பணம், எந்தக் குழாய், எத்தனை விளக்கு என்று வருஷா வருஷம் வெளியிடு. இழிசொல்லை நீக்குவதற்குச் செலவில்லை. இதற்குச் செலவாகும். எதற்குச் செலவாகுமோ அதைக் கேட்பதுதான் அரசியல்.

ஒன்றிய அரசும் 2027 மார்ச் 1-ஐக் கணக்குத் தேதியாக வைத்து அடுத்த கணக்கெடுப்பை அறிவித்திருக்கிறது. 1931-க்குப் பிறகு முதல்முறையாக எல்லாச் சாதிகளையும் எண்ணப்போகும் முழுக் கணக்கெடுப்பு இதுதான். எந்தச் சாதி எத்தனை பேர் என்று எண்ணித் தலைவர்கள் சீட்டுப் பங்கு பிரிப்பார்கள். நாம் கேட்க வேண்டியது வேறு. தனி ஆளின் விவரத்தைச் சட்டப்படி ரகசியமாக வைத்துக்கொள். ஆனால் வசதிகளின் பட்டியலைக் கிராமத்துக்கு ஒன்று என்று போடாதே. குடியிருப்புக்குக் குடியிருப்பு, தெருவுக்குத் தெரு போடு. 'உண்டு, இல்லை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எங்களைப் புதைக்காதே.

இனி நம் ஆட்கள். இதையெல்லாம் பேசினால் நம் தோழர்களிடமிருந்தே இரண்டு பதில்கள் வருகின்றன.

முதல் பதில்: 'மேப் போட்டா சாதி ஒழிஞ்சிடுமா? ரோட்டுக்கு வந்து போராடறத வுட்டுட்டு, கம்ப்யூட்டர் முன்னால ஒக்காந்து கோடு போடறது படிச்ச பையனுங்க பொழுதுபோக்கு.' ஒழியாது, ஒத்துக்கொள்கிறேன். உத்தபுரத்துச் சுவர் 1989-இல் எழுந்தது. அதில் ஒரு பகுதியை 2008 மே மாதம் இடித்தது மேப் அல்ல, போராட்டம். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை ஒரு சுவர் சரிந்து 17 பேரைக் கொன்றது. வானத்திலிருந்து பார்த்தால் எந்தச் சுவரும் நூல் தடிமனில் ஒரு நிழல்தான். இங்கே நம் மாவட்டத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலை 2023 ஜூனில் பூட்டிச் சீல் வைத்தார்கள். மேப்பைக் கேட்டால் அது ஒரு கோயில் குறி, அவ்வளவுதான். அந்த வாசலில் யார் காலடி வைத்ததற்கு யார் அடித்தார்கள் என்று எந்தக் குறியும் பேசாது. மேலே இருந்து பார்த்தால் சாதி தெரியாது. மேலே இருப்பவன் எப்போதும் சொல்லி வருவதும் அதுதானே? அதனால்தான் சொல்கிறேன், படத்தை மேலிருந்து எடுத்தாலும் கோட்டைக் கீழிருந்து நாம் போட வேண்டும். டு பாய்ஸ் என்ற கருப்பின அறிஞர் பிலடெல்பியா நகரத்தின் ஏழாவது வார்டில் வீடு வீடாக ஏறி இறங்கித்தான் கணக்கெடுத்தார், வரைபடம் போட்டார். அதன் அடிப்படையில் 1899-இல் வந்தது அவர் புத்தகம். அவரிடம் செயற்கைக்கோள் இல்லை, கால் இருந்தது. காலும் போனும் இரண்டும் இருக்கிற நமக்கு என்ன கேடு? போராட்டத்துக்குப் பதிலாக மேப் போடச் சொல்லவில்லை. மறியலில் உட்காரும்போது கையில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இரண்டாவது பதில் கனமானது. ஒரு பெரியவர் சொன்னார்: 'நம்ம வூடு எங்க இருக்குதுன்னு நாமளே வரஞ்சி குடுக்கணுமா? நாளைக்கி கலவரம்னா அத வெச்சிக்கிணு வர மாட்டானா?' விழுப்புரத்துக்காரனிடம் இந்தப் பயத்தை அலட்சியமாகப் பேச யாருக்கும் வாய் வராது. 1978 ஜூலையில் இதே விழுப்புரம் நகரத்தில் நம் ஆட்கள் 12 பேரைக் கொன்றார்கள். நான் அப்போது பிறக்கவில்லை. ஆனால் அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆகவே யோசித்துத்தான் பதில் சொல்கிறேன். 1978-இல் கொல்ல வந்தவனிடம் மேப் இல்லை. அவனுக்குத் தேவைப்படவும் இல்லை. சேரி எங்கே இருக்கிறது என்று கொளுத்த வருகிறவனுக்கு எப்போதும் தெரியும். தெரியாதது தீயணைப்பு வண்டிக்கு, ஆம்புலன்சுக்கு, கடன் அதிகாரிக்கு, நீதிபதிக்கு. எங்கள் தெருவில் ஒருத்திக்கு ராத்திரியில் இடுப்புவலி வந்தபோது ஆம்புலன்ஸ் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் வந்து நின்றுவிட்டது. மேப் அது வரைதான் வழி சொன்னது. டிரைவர்மேல் குற்றமில்லை. நாங்கள் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பெரியவர் சொன்னதில் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. தெருவைப் பொதுவில் போடுவோம். தண்ணீர்க் குழாய், விளக்குக் கம்பம், சுடுகாட்டுப் பாதை, பாதை மறிக்கப்பட்ட இடம் எல்லாவற்றையும் பொதுவில் போடுவோம். ஆட்களின் பெயரை, போன் நம்பரை, எந்த வீட்டில் யார் என்பதை ஒருபோதும் இணையத்தில் ஏற்றக்கூடாது. சாதி மறுத்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் குடியிருக்கும் இடத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. அந்தக் குறிப்பெல்லாம் நோட்டில் இருக்கட்டும், நோட்டு தெரு ஆட்களிடம் இருக்கட்டும். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை நாம் முடிவு செய்யும் வரைபடம்தான் நம் வரைபடம்.

நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். காலேஜ் பிள்ளைகள் மூன்று பேர், நான், நூறுநாள் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர். 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்று ஒன்று 2004-இலிருந்து இருக்கிறது. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. யாரும் கோடு போடலாம், யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறும் அதில் தங்கும். நாளைக்கே எவனாவது நம் தெருவின் பெயரை அழித்தால் அழித்த கணக்கு எது என்பது தெரிந்துவிடும். அந்த அக்காதான் முன்னால் நடந்தார். அவர் நிற்கச் சொன்ன இடத்தில் நின்று குறித்தோம். குழாயை நாங்கள் குறித்தோம். 'கொழா இருக்குதுன்னு மட்டும் எழுதாத, எத்தினி மணிக்கி வருதுன்னு எழுது' என்று அவர் சொன்னார். எந்த விளக்கு எரியவில்லை, மழைக்காலத்தில் பிணத்தை எந்த வரப்பு வழியாகத் தூக்கிப் போகிறோம், எந்த இடத்தில் வரப்பை வெட்டிவிட்டார்கள் என்று அவர் சொன்னதில் பாதிக்கு மேல் எந்த அரசுத் தரவிலும் இல்லை. கடைசி விளக்குக் கம்பம் ஊர் எல்லையோடு நின்றுவிடுவதை நாங்கள் தினமும் பார்த்தவர்கள்தான். குறித்து முடித்துத் திரையில் பார்த்தபோதுதான், அந்தக் கம்ப வரிசை சாதியின் எல்லைக்கோடாகவே ஓடி நிற்பதைக் கண்டோம்.

தெருவுக்கு என்ன பெயர் போடுவது என்று அரைநாள் சண்டை. பையன்கள் அம்பேத்கர் தெரு என்றார்கள். அக்கா, முதன்முதலில் கிணறு வெட்டிய கிழவியின் பெயரைச் சொன்னார். இன்னும் முடிவாகவில்லை. சண்டை நடக்கட்டும். நம் தெருவுக்குப் பெயர் வைக்கும் சண்டையை நாமே போடுவது இதுதான் முதல் தடவை.

வங்கியில் ஒரு விஷயம் எனக்குத் தினமும் உறுத்துகிறது. நலிந்த பிரிவினருக்கு 12 விழுக்காடு கடன் கொடு என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. அந்தப் பிரிவில் நாமும் உண்டு, சிறு விவசாயியும் உண்டு, இன்னும் பலரும் உண்டு. ஓடையைத் தாண்டாமலேயே அந்த 12-ஐ எட்டிவிடலாம். ஆண்டு முடிவில் கணக்கு நேர். அந்த அம்மா மட்டும் கணக்கில் இல்லை. குடியிருப்பு வாரியாகக் கடன் கணக்கைக் காட்டச் சொல்லி எந்தக் கட்சியும் இதுவரை கேட்டு நான் பார்த்ததில்லை. நாம் கேட்போம்.

இதைப் படிக்கிற மாணவர்களுக்கு ஒன்று. விடுமுறைக்கு ஊருக்குப் போவீர்கள். உங்கள் ஊரின் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் முதலில் இறக்கிக்கொள்ளுங்கள். குடிநீர்த் திட்டத்தின் தளத்தில் குடியிருப்பு வாரிப் பட்டியல் கிடைக்கிறது, அதில் உங்கள் தெருவுக்கு என்ன எழுதியிருக்கிறான் என்று பாருங்கள். பார்த்துவிட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தை எழுதி, தேதி போட்டு, போட்டோ எடுத்து, தெருவில் நாலு பேரிடம் கையெழுத்து வாங்கி, கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனுநாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த ரசீது முக்கியம்.

காணைப் பக்கம் வந்தால் சொல்லுங்கள். அந்த அக்கா முன்னால் நடக்கத் தயாராக இருக்கிறார். ஓடையைத் தாண்டித்தான் வர வேண்டும். இப்போது மேப்பில் வழி இருக்கிறது. நாங்கள் போட்டது.